சோங்-குல் யுர்ட் ரிசார்ட் என்று 42,000 சோம் போய்விட்டது, நீங்களாவது உஷாராக இருங்கள்

கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கில் படிக்கிற நம் மெடிக்கல் பிள்ளைகள், முக்கியமாக ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கிறவர்கள், இதைப் படித்துவிடுங்கள். முந்தாநாள்தான் திரும்பினோம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

படம் போடுகிற செயலி ஒன்றில் ஒரு பக்கம். 'பாரம்பரிய கிர்கிஸ் மலை ரிசார்ட், சோங்-குல் ஏரிக்கரை'. மூன்று பேர், இரண்டு இரவு, குதிரைச் சவாரி, ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிற கோச்கோர் ஊரிலிருந்து வண்டி, எல்லாம் சேர்த்து 42,000 சோம். ஒரு சோம் கிட்டத்தட்ட நம் ஒரு ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதிப் பணம் அங்கே வந்து தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். அந்த ஆள் ஒரு வீடியோ அனுப்பினான். யுர்ட், அதாவது வட்டமான கம்பளிக் கூடாரம், அதன் உச்சியில் துண்டுக் இருக்குமே, இந்த நாட்டுக் கொடியில் இருக்கிற வட்டம், அது வழியாக வெயில் இறங்கி ஷிர்டாக் என்கிற கம்பளி விரிப்பில் விழுகிறது. பக்கத்தில் ஒரு பாட்டி எண்ணெயிலிருந்து போர்சோக், அதாவது பொரித்த மாவுத் துண்டுகள், அள்ளுகிறாள். "உங்கள் அம்மாவுக்குச் சைவம் தனியாகச் சொல்லிவைக்கிறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். இரவு பத்து மணிக்கு கியூஆர் ஸ்கேன் செய்து முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன்.

கோச்கோர் பஜாரில் மூன்று மணி நேரம் நின்றோம். வண்டி வரவில்லை. வேறு டாக்சி பிடித்துக் கணவாய் ஏறிப் போனால், வீடியோவில் பார்த்த அதே பாட்டி! "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்கிறார். அவருடைய யுர்ட்டை யாரோ படம் பிடித்துப் போட்டுக் காசு பார்க்கிறார்கள். ஏரி 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையிலும் ராத்திரி பல் கிட்டுகிறது. அம்மாவுக்கு வீசிங் வேறு. அந்தப் பாட்டிதான் சாண அடுப்பை மூட்டி, தன் குடும்பத்தோடு படுக்க இடம் கொடுத்தார். அவருக்குத் தனியாகக் கொடுத்தோம், அது வேறு கணக்கு.

திரும்பி வந்து அந்த ஆளிடம் பணத்தைக் கேட்டால் "சாவ்த்ரா", ரஷ்ய மொழியில் நாளைக்கு. மறுநாளும் சாவ்த்ரா. அப்புறம் முதலாளி ஓஷ் நகரத்துக்குப் போயிருக்கிறாராம். அப்புறம், நாங்கள்தான் தவறான கேம்ப்புக்குப் போய்விட்டோமாம்! கடைசியில் பிளாக். 42,000 சோம். "விடும்மா, ஏரியைப் பார்த்தோம்ல" என்கிறார் அப்பா. என்னால் விட முடியவில்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முழுப் பணமும் முன்னால் போடாதீர்கள். சோங்-குல்லில் அறையோடு வெந்நீர்க் குளியலறை என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். மரம்கூட முளைக்காத இடம் அது. எனக்கும் அப்படித்தான் சொன்னான், நான் யோசிக்கவில்லை. கோச்கோருக்கே போய் நேரில் பேசி ஏற்பாடு செய்யுங்கள்.

நேற்று அதே வீடியோவை மறுபடி போட்டிருக்கிறார்கள். கீழே மூன்று பேர் விலை கேட்டிருந்தார்கள். மூவருக்கும் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். ஒருத்தர்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.