சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு எந்தக் குடும்ப சிகிச்சை? அய்மரா வீடுகளை வைத்து ஓர் அலசல்

பொலிவியாவின் எல் ஆல்ட்டோ, 4,000 மீட்டருக்கும் மேலே, ஆண்டிஸ் மலைப் பழங்குடியான அய்மரா மக்கள் நிறைந்த நகரம். அங்கே ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பிட மறுக்கும் நோய், வந்தால் எந்தக் குடும்ப சிகிச்சை கைகொடுக்கும்?

குடும்ப சிகிச்சையாளர் மினுச்சினின் 1970களின் வழியை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். வீட்டார் அளவுக்கு மீறி ஒருவரோடொருவர் பின்னிக்கிடப்பதுதான் கோளாறு என்று பார்க்கும் முறை அது. பாட்டியும் சித்தியும் ஞானப்பெற்றோரும் சேர்ந்து வளர்க்கிற வீட்டில் போய் இதைச் சொன்னால், அவர்கள் வாழ்கிற முறையையே நோய் என்று சொன்னதாகும்.

லண்டனில் பிறந்த மாட்ஸ்லி முறை யார் மேலும் பழி போடாது. ஊட்டும் பொறுப்பை முதலில் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள், எடை தேறத் தேறப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். 121 பேரை வைத்து 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து இந்த முறையில் 49 சதவீதம் பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள், தனிநபர் சிகிச்சையில் 23 சதவீதம்தான். ஆனால் அம்மா வியாழனும் ஞாயிறும் சந்தையில், அப்பா பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஒரு தையல் கூடத்தில் என்றால் மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்? பாட்டிதான். அப்போது பாட்டியைத்தான் அறைக்குள் அழைக்க வேண்டும்.

இங்கேதான் மாட்ஸ்லி முறையின் இன்னொரு வடிவம் எனக்குப் பிடிக்கிறது: சிகிச்சையாளர் பெரியவர்களிடம் மட்டும் பேசுவார், பிள்ளையின் எடையை நர்ஸ் தனியே பார்ப்பார். 2016 மெல்போர்ன் ஆய்வில் சிகிச்சை முடிவில் முழுதாகத் தேறியவர்கள் இதில் 43, வழக்கமான மாட்ஸ்லி முறையில் 22 சதவீதம். ஓராண்டில் அந்த இடைவெளி குறைந்துவிட்டது, சரி. ஆனாலும் அய்மரா மட்டும் பேசும் பாட்டிக்கு ஸ்பானிஷ் தெரிந்த பேத்தியே மொழிபெயர்க்க உட்கார்ந்தால், என்ன சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதை நோயே தீர்மானிக்கும். பெரியவர்களிடம் தனியே, அவர்கள் மொழியிலேயே பேசினால் அந்த வழி அடைபடும்.

அப்புறம் ஆப்தாப்பி. ஆளுக்கொன்று கொண்டுவந்து, சுன்யோ என்னும் உறைய வைத்து உலர்த்திய உருளைக்கிழங்கு, அவரை, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் விரிப்பில் கொட்டி எல்லாரும் கையால் எடுத்துச் சாப்பிடும் கூட்டு விருந்து. 'பண்பாட்டுக்கு ஏற்றது' என்று முதல் வாரமே இதைச் சிகிச்சையில் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். யார் எவ்வளவு தின்றார் என்று அங்கே தெரியவே தெரியாது. தொடக்கத்தில் தட்டில் அளந்து வைத்த சாப்பாடுதான். எடை ஓரளவு ஏறிய பிறகு ஆப்தாப்பிக்குப் போகட்டும், அப்போது அது நல்ல பயிற்சி.

யாதிரியை, அதாவது அய்மரா மரபு வைத்தியரை வைத்து, பயத்தில் பிரிந்த அஹாயுவை, அதாவது ஆன்மாவை, திரும்ப அழைக்கக் குடும்பம் விரும்பினால் தடுக்க வேண்டாம். பிள்ளை வேறு, நோய் வேறு என்று மாட்ஸ்லி சொல்வதும் அதற்கு வெகு தூரமில்லை. ஆனால் நாடித்துடிப்பு, பொட்டாசியம் பரிசோதனையைச் சடங்கு முடியட்டும் என்று ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது.