விஆர் ஆர்கேடுக்கான உரிம மென்பொருள்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

கோயம்புத்தூரில் நான்கு ஸ்டேஷன்கள் (ஒருவர் ஹெட்செட் மாட்டி ஆடும் இடங்கள்) கொண்ட ஒரு சிறிய விஆர் ஆர்கேடை, அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு மெய்நிகர் விளையாட்டுகளை ஆடக் கொடுக்கும் கூடத்தை, நடத்தி வருகிறேன். இந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஹெட்செட் வாங்கலாம் என்பதைத்தான். ஹெட்செட்டைச் சில ஆண்டுகளில் எப்படியும் மாற்றத்தான் போகிறோம். விளையாட்டுகளுக்கான வணிக உரிமத்தை எந்த மென்பொருள் வழியாகப் பெறுகிறோம் என்பதோ, கடை திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கல்லாவைத் தொடுகிற முடிவு.

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு ஆடக் கொடுக்கலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஸ்டீமின் சந்தாதாரர் ஒப்பந்தம் தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டை மட்டுமே அனுமதிக்கிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவும், கணினி நிரலை வணிக நோக்கில் வாடகைக்குக் கொடுக்கும் உரிமையை அதன் உரிமையாளருக்கே தந்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு சிறு குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய விளையாட்டை வைத்துத்தான் நாம் பிழைக்கிறோம் என்பதால், அவர்களுக்கு உரிய பங்கு போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கனடாவின் வாட்டர்லூ நகரில் 2016-இல் கன்ட்ரோல் வி என்ற விஆர் கூடம் திறக்கப்பட்ட காலத்தில், ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதை உருவாக்கியவரிடமே தனியாகப் பேசி அனுமதி வாங்கும் வேலை இருந்தது. அந்தச் சுமையைக் குறைக்கத்தான் ஸ்பிரிங்போர்டு விஆர், சிந்தசிஸ் விஆர் போன்ற தளங்கள் வந்தன. அவை உரிமம் தருவதோடு, முன்பதிவு, ஸ்டேஷன் கட்டுப்பாடு, நேரக் கணக்கு ஆகியவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்தன. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் பிசி கஃபே திட்டம் வேறு வகை. அதில் வணிக உரிமம் உள்ள விளையாட்டுகளை இத்தனை இருக்கைகளுக்கு என்று கணக்கிட்டு வாங்க வேண்டும். 2021-இல் ஸ்பிரிங்போர்டை, அரிசோனா சன்ஷைன் விளையாட்டைத் தந்த வெர்டிகோ கேம்ஸ் வாங்கியது. விளையாட்டு தயாரிப்பவரும் உரிமத்தளம் நடத்துபவரும் ஒரே நிறுவனமாக இருக்கும்போது, ஆர்கேடுகளுக்கு எது தேவை என்பதை அறிந்து விளையாட்டுகள் வர வாய்ப்பு உண்டு. அதே நேரத்தில், அந்தப் பட்டியலில் மற்றவர்களின் விளையாட்டுகளும் செழிப்பாக இருக்கின்றனவா என்பதையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, உரிமக் கட்டணம் நிமிடக் கணக்கா, மாதக் கணக்கா என்பதே. ஒரு பேச்சுக்கு, ஒரு விளையாட்டுக்கு நிமிடத்துக்கு 6 சென்ட் என்றும், டாலர் 85 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5 ரூபாய் 10 காசு ஆகிறது. அரை மணி நேர ஆட்டத்துக்கு 153 ரூபாய். அரை மணி நேரத்துக்கு 25 டாலர் வாங்கும் அமெரிக்கக் கடைக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நம்மூரில் 300 ரூபாய் டிக்கெட் போட்டால், வாடகை, மின்சாரம், சம்பளம் எதையும் கழிப்பதற்கு முன்பே பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதே விளையாட்டு ஒரு ஸ்டேஷனுக்கு மாதம் 40 டாலர் என்று கிடைத்தால் 3,400 ரூபாய். மாதத்தில் ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு மேல் அந்த விளையாட்டு அந்த ஸ்டேஷனில் ஓடினால் மாதக் கட்டணமே லாபம்.

இதை வைத்துப் பார்க்கும்போது, மாதக் கட்டணமே எப்போதும் நல்லது என்று தோன்றலாம். ஆனால் ரிச்சீஸ் பிளாங்க் எக்ஸ்பீரியன்ஸ் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வானளாவிய கட்டடத்தின் உச்சியில் பலகைமேல் நடக்கும் அந்த அனுபவம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதன்முறை வருபவர்கள் எல்லாரும் அதைக் கேட்பார்கள், இரண்டாம் முறை பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அதற்கு நிமிடக் கணக்குதான் பொருந்தும். தேர்வுக் காலத்தில் பிள்ளைகள் வராமல் கூடம் வெறிச்சோடும்போதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாம் மூடியபோதும், நிமிடக் கணக்கில் இருந்த விளையாட்டுகளுக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை. ஆகவே, நாள்தோறும் ஓடும் இரண்டொரு விளையாட்டுகளை மாதக் கணக்கிலும், மற்றவற்றை நிமிடக் கணக்கிலும் வைக்க அனுமதிக்கும் மென்பொருளே நமக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. நால்வர் சேர்ந்து ஆடும்போது நான்கு ஹெட்செட்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் ஓடும் என்பதையும், குழுச் சலுகை அறிவிப்பதற்கு முன்பு கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, உரிமத்தின் கடிகாரம் எந்த நொடியில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஹெட்செட்டை மாட்டி, பட்டையை இறுக்கி, கண்ணாடி அணிந்தவருக்கு இடைவெளி சரிசெய்து, எந்த விசை எதற்கு என்று சொல்லி முடிப்பதற்குள் சில நிமிடங்கள் ஓடிவிடும். விளையாட்டு திரையில் ஏறியதுமே உரிமக் கணக்கு தொடங்கும் மென்பொருளில், இந்த நிமிடங்களுக்கும் நாமே கட்டணம் கொடுக்கிறோம். நான் முதலில் பயன்படுத்திய தளத்தில், விளையாட்டு பாதியில் நின்று மறுபடி தொடங்கினால் வாடிக்கையாளரின் நேரத்தை நிறுத்தி வைக்கலாம். உரிமக் கணக்கு மட்டும் நிற்காது. மாதக் கடைசியில் வந்த பில்லும் என் டிக்கெட் கணக்கும் ஒத்துப்போகாமல் பலமுறை கடிதம் எழுத வேண்டியிருந்தது. இப்போது இருக்கும் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாடிக்கையாளரின் நேரம், உரிம நேரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன; அதை எக்செல் கோப்பாக எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிட முடிகிறது. சோதனைக் காலத்திலேயே இந்த அறிக்கையைத் திறந்து பார்க்காமல் யாரும் சந்தா கட்ட வேண்டாம்.

இணையம் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே சோதியுங்கள். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓர் ஆட்டத்தை ஓட்டிப் பாருங்கள். சில மென்பொருள்கள் உரிமத்தைச் சரிபார்க்க முடியாமல் ஆட்டத்தை நடுவிலேயே மூடிவிடும்; சில, கணக்கைக் கணினியில் சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். மின்சாரத்துக்கு யுபிஎஸ் இருந்தாலும், தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபரை வெட்டிவிட்டால் அன்றைய ஞாயிற்றுக்கிழமை வருமானமே போய்விடும்.

விளையாட்டுப் பட்டியலின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். குடும்பத்தோடு வருபவர்கள் ஆடுவது அதில் ஒரு சிறு பகுதியைத்தான். சூப்பர்ஹாட் விஆர் போன்ற விளையாட்டுகளுக்கு ஆர்கேடுக்கென்றே தனிப் பதிப்பு உண்டு. புதியவர் உடனே ஆடத் தொடங்கும்படி அமைந்த இத்தகைய பதிப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள். கணினியில் ஓடும் பதிப்புக்குப் பெற்ற உரிமம், கணினி இல்லாமல் தனித்தியங்கும் ஹெட்செட்டின் பதிப்புக்கும் செல்லும் என்று கொள்ளக் கூடாது. உரிமையாளர் தம் விளையாட்டைத் தளத்திலிருந்து விலக்கிக்கொள்ளவும் கூடும். ஆகவே ஒரே விளையாட்டின் படத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து வாசலில் கட்டுவதை நான் தவிர்க்கிறேன். அந்தப் படத்தைப் பயன்படுத்தவும் அனுமதி தேவை என்பது வேறு.

பணம் செலுத்தும் வழியையும் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகக் கழியும் தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டுச் சந்தாக்கள் பல தோல்வியடைந்தன. ஓடிபி இல்லாமல் கழியும் வரம்பு அப்போது 5,000 ரூபாய். 2022 ஜூனில் அது 15,000 ஆனது. கட்டணம் தவறினால் உடனே ஸ்டேஷன்களைப் பூட்டும் தளமா, சில நாள் அவகாசம் தருமா, முன்பணம் போட்டு வைத்து அதிலிருந்து கழித்துக்கொள்ளும் வசதி உண்டா என்று கேளுங்கள். நான் முன்பணமாகவே போட்டு வைக்கிறேன். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வெளிநாட்டு உரிமக் கட்டணத்துக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 விழுக்காடு வரியைத் தாமே செலுத்த வேண்டியிருக்கும் என்பதால், தளம் தரும் பில்லில் நம் கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் சரியாக இடம்பெறுமா என்பதையும் முதல் மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.