சளி எடுக்கக் கருவி கேட்டால் மூன்று பந்தைத் தருகிறார்கள்

அம்மாவுக்கு பிராங்கியெக்டாசிஸ். மூச்சுக்குழாய்கள் விரிந்துபோய், சளி தானாக மேலேறி வராமல் உள்ளேயே தங்கிவிடும் நோய். இந்த முறை நான் ஊருக்குப் போனதே அதற்கு ஒரு வழி செய்துவிட்டு வரத்தான். ஸ்கேன், சளிப் பரிசோதனை, நுரையீரல் மருத்துவர் என்று எல்லாம் மளமளவென்று முடிந்தன, அதில் குறையே சொல்ல மாட்டேன்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். சளியை வெளியே கொண்டுவர ஒரு கருவி வேண்டும் என்று எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைத்தான் எடுத்து நீட்டினார்கள். ஆஸ்பத்திரியிலும் அதையே கையில் கொடுத்து, "தினமும் செய்யுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அது மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்குவதற்கானது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரல் நன்றாக விரிய வேண்டும் என்று கொடுப்பது. அம்மாவுக்கு வேண்டியதோ மூச்சை வெளியே விடும்போது வேலை செய்யும் கருவி. ஃப்ளட்டர், அகபெல்லா, ஏரோபிகா எல்லாம் அந்த வகை. ஊதும்போது இவை கொஞ்சம் எதிர்ப்புக் கொடுப்பதால் சின்னக் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் இருக்கும், காற்று சளிக்குப் பின்னால் போகும், கூடவே வரும் அதிர்வு ஒட்டிக்கிடக்கும் சளியைத் தளர்த்தும். ஃப்ளட்டருக்குள் ஓர் எஃகுக் குண்டு உருள்வதால் பிடிக்கும் கோணம் முக்கியம்; அகபெல்லா காந்தத்தால் இயங்குவது, படுத்துக்கொண்டும் ஊதலாம். அதனால் கடையில் "சளிக் கருவி" என்று பொதுவாகக் கேட்காமல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் பயணத்தில் உண்மையான சேவை என்றால் வீட்டுக்கு வந்த பிசியோ பெண் செய்ததுதான். ஆர்டர் போட்ட கருவி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று, ஒரு பாட்டிலில் சுமார் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடிவரை ஒரு குழாயை விட்டு, அம்மாவை அதில் ஊதச் சொன்னார். அந்தத் தண்ணீர் உயரம்தான் எதிர்ப்பு. குழாய் ஒல்லியாக இருந்தால் அழுத்தம் கூடிவிடும், 8 மி.மீ.க்குக் குறையாத உள்விட்டம் வேண்டும், பாட்டிலின் வாயும் திறந்திருக்க வேண்டும் என்று அளந்து பார்த்தே வைத்தார்.

கருவி வந்ததும் அம்மாவின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஊத வைத்தார். முதலில் சத்தம் மட்டும்தான் வந்தது. "பலமா ஊத வேண்டாம்மா, நிதானமா ஊதுங்க, கன்னம் உப்பக் கூடாது" என்று சொல்லி, ஆழமாக இழுத்து இரண்டு மூன்று நொடி நிறுத்தி, இழுத்ததைவிட நீளமாக ஊத வைத்தபோது, "இப்ப பாருங்க" என்று என் கையையும் அங்கே வைக்கச் சொன்னார். விலா எலும்பு வரை அதிர்வது நன்றாகத் தெரிந்தது. பத்து மூச்சு போல ஊதிய பிறகு இருமச் சொல்லவில்லை, "ஹஃப்" செய்யச் சொன்னார்: வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல "ஹா" என்று காற்றைத் தள்ளுவது. தொண்டை கிழிய இருமிக் களைத்துப்போகும் அம்மாவுக்கு அதில் சளி சுலபமாக வந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைச் சொல்லித்தர அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இதை ஏன் ஆஸ்பத்திரியிலேயே செய்யக்கூடாது?

மருந்துகளின் வரிசையையும் அவரேதான் மருத்துவரிடம் கேட்டு எழுதி ஒட்டினார்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து முதலில், பிறகு உப்புநீர் நெபுலைசர், அப்புறம் கருவி. கருவியைத் தினமும் சோப்பு நீரில் கழுவி முழுசாகக் காயவைக்க வேண்டும், ஈரத்தில் கிருமி வளரும். சளியில் ரத்தம் வந்தாலோ திடீரென்று நெஞ்சு வலித்தாலோ ஊதுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், அதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.