சன்ஸ்கிரீன் ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு: என் 1,847 ரூபாயும் மகளின் தோளும்

நேற்று இரவு முழுக்க மகள் தூங்கவில்லை. கழுத்தின் பின்புறமும் தோள்பட்டையும் செவேலென்று சிவந்து, துணி பட்டாலே கத்துகிறாள். வெயிலை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1,847 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய மூன்று டியூப் சன்ஸ்கிரீன்தான் காரணம்.

கடற்கரையில் வாலிபால் முகாம். மே 4, கத்திரி தொடங்கும் அதே நாளில் ஆரம்பம். மணல் கீழிருந்தும் வெயிலைத் திருப்பி அடிக்கும், தொப்பி மட்டும் போதாது என்று கோச் சொன்னார். ஏப்ரல் கடைசியில், எல்லாப் பொருளும் விற்கும் ஒரு ஷாப்பிங் ஆப்பில் தேடினேன். பெரிய பிராண்ட், எஸ்பிஎஃப் 50, பிஏ நான்கு பிளஸ் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் அளவுகள்), பாதி விலை. பக்கத்திலேயே 'அசல் தயாரிப்பு' என்று பச்சை டிக். அந்த டிக்கைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். விற்பவர் பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் பிதுக்கியதும் எண்ணெய் தனியே, தண்ணீர் தனியே வந்தது. "அம்மா, இது என்ன இப்படி இருக்கு?" என்றாள். சூட்டில் இளகியிருக்கும், பூசிக்கோ என்று நான்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

தோல் டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்தார். பெட்டியில் 2027 என்று ஸ்டிக்கர். டியூபின் மடிப்பில் அச்சாகியிருப்பது 2023. பேட்ச் எண்ணும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. காலாவதியான சரக்கு, போட்டும் போடாததும் ஒன்றுதான் என்றார்.

ஆப்பில் புகார் செய்தேன். ஏழு நாள் தாண்டிவிட்டது, ரிட்டர்ன் கிடையாது என்றார்கள். போட்டோ அனுப்பினேன். பிரித்த அழகுசாதனப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? விற்பவரோ, "உங்க பொண்ணு தோலுக்கு ஒத்துக்கல மேடம்" என்கிறார். மறுபடி எழுதினால் வேறொருவர் வந்து முதலிலிருந்து கேட்கிறார். இன்று காலை 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று செய்தி. என்ன தீர்ந்தது? 1,847 ரூபாய் என் கணக்குக்கு வரவில்லை. டாக்டர் ஃபீஸ், மருந்து எல்லாம் தனி.

விவரமாக ஆலோசனை எழுத உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். வந்த அன்றே பிரித்து, பிரிப்பதை வீடியோ எடுங்கள். பெட்டித் தேதியை நம்பாதீர்கள், டியூப் மடிப்பைப் பாருங்கள். எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து வந்தால் பூசாதீர்கள். நல்ல சன்ஸ்கிரீனே ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பிரிக்காத மூன்றாவது டியூப் ஆதாரத்துக்காக அலமாரியில் இருக்கிறது. பதில் வந்தால் எழுதுகிறேன். மகள் எழுந்துவிட்டாள், மருந்து போட வேண்டும்.