ஸ்லாட் கார் டிராக் செய்ய ஆள் தேடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாராவது மரப்பலகையில் ஸ்லாட் கார் டிராக் செய்து வாங்க யோசித்தால், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். எனக்குப் போனது 70,000 ரூபாய். அதோடு ஒரு தீபாவளியும் போனது. புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் ஆள் பெயரையும் கடைப் பெயரையும் இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது கரண்டில் ஓடும் பொம்மைக் கார் ரேஸ். பாதையில் ஒரு காடி, அதாவது ஒடுங்கிய நீளப் பள்ளம், வெட்டியிருக்கும். காரின் முன்பக்கம் அடியில் நாக்கு மாதிரி ஒன்று அந்தக் காடிக்குள் ஓடும். காடியின் இரண்டு பக்கமும் கரண்ட் வரும். கையில் இருக்கும் விசையை அழுத்துவதுதான் வேகம். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் செட்டில் இரும்புக் கம்பி இருப்பதால், காருக்கு அடியில் உள்ள காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகூட முழு அழுத்தாக அழுத்தி ஓட்டிவிடும். மரப்பலகையில் செம்பு போட்டால் காந்தத்துக்கு வேலை இல்லை, டயர் பிடித்தால் உண்டு. அதிலும் வளைவில் சரிவே வைக்காத ஃபிளாட் டிராக் என்றால், எங்கே விசையை விடுவது என்று தெரிந்தவன்தான் ஜெயிப்பான். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

எங்கள் வீடு பள்ளத்தூரில். இரண்டாங்கட்டில் ஒரு ஹால் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். தீபாவளிக்குப் பங்காளிகள் எல்லாம் சென்னை, சிங்கப்பூரிலிருந்து வரும்போது முறையாக ரேஸ் வைக்கலாம் என்று திட்டம். 16 அடிக்கு 8 அடி, நாலு லேன், 1/32 அளவுக் கார்கள். ஆத்தா போட்ட ஒரே நிபந்தனை, ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கீறல் விழக்கூடாது.

ஆள் கிடைத்தது தெரிந்தவர் மூலம். மாடுலர் கிச்சன், பூஜை அறைக்கு ஜாலி (பூ டிசைனில் துளை வெட்டிய பலகை) வேலை எல்லாம் செய்கிறவர், காரைக்குடிப் பட்டறையில் சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் வரைபடப்படி வெட்டும் மெஷின், இருக்கிறது. "டிராக்கா? கோயம்புத்தூர் பார்ட்டிக்குப் பண்ணிக் குடுத்திருக்கேண்ணே" என்று போனில் ஒரு படம் அனுப்பினார். எட்டு லேன். சிவப்பு, வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, நீலம், மஞ்சள், ஊதா, கறுப்பு. அமெரிக்க ரேஸ் கூடங்களில் லேனுக்கு அடிக்கிற அதே வண்ணங்கள். இவ்வளவு விவரம் தெரிந்த ஆளாக இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது நாலு மாதம் கழித்து. வலது மூலையில், சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் தெரிகிறது. நம் ஊர் மூன்று வட்ட ஓட்டை இல்லை. நிமிர்ந்து நிற்கும் இரண்டு கோடு, அதற்குக் கீழே ஒரு ஓட்டை. அமெரிக்கப் பிளக். கோயம்புத்தூரில் எந்த வீட்டில் அது இருக்கிறது?

மொத்தம் 1,15,000 என்று பேசி முடித்தோம். ஆடியில் எதையும் தொடங்காதே என்றார் ஆத்தா. நான் கேட்கவில்லை. பலகை எச்.டி.எச்.எம்.ஆர், 18 மி.மீ., ஈரம் தாங்கும் ரகம். காடி அகலம் 3.2 மி.மீ., லேனுக்கு லேன் 100 மி.மீ. இடைவெளி, கரண்டுக்குப் பின்னல் செம்பு, அதாவது பிரெய்ட். எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. பில் கேட்கவில்லை, அது என் தப்பு.

வரைபடத்தை நானே போட்டுத் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் நம்ம பையன் பார்த்துக்குவான்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஐப்பசி இரண்டாம் வாரம், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, குட்டியானையில் நாலு பலகையும் வந்து இறங்கின. மேலே தார்ப்பாய் இல்லை, தூறிக்கொண்டிருந்தது. துடைத்து உள்ளே வைத்தோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், மேசைக் கால்கள் அருமை. ஒவ்வொரு காலிலும் திருகி ஏற்றி இறக்கும் போல்ட், அடியில் ரப்பர். ஆத்தாவே பார்த்துத் தலையாட்டினார். அந்த ஆளுக்குத் தச்சு வேலை தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை.

முதல் கார் புறப்பட்டு எட்டடி ஓடிப் பலகை மூட்டில் நின்றது. கையால் தள்ளினால் அடுத்த பலகையிலும் ஓடவில்லை. மல்டிமீட்டர் வைத்தால் மூட்டுக்கு இந்தப் பக்கம் 12 வோல்ட், அந்தப் பக்கம் சைபர். குனிந்து நகத்தால் நெம்பியபோதுதான் தெரிந்தது, பிரெய்டே இல்லை. ஒரு பக்கம் பசை தடவிய மெல்லிய செம்புத் தாள் நாடா. மூட்டில் ஒரு நாடாவின் மேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பசை கரண்டைக் கடத்தாது. செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருப்பது போலக் கண்ணுக்குத் தெரியும், நடுவில் பசை உட்கார்ந்திருக்கும்.

நாலு மூட்டு, மூட்டுக்கு எட்டு நாடா. 32 இடத்தில் நானும் மச்சானும் ராத்திரி இரண்டு மணி வரை சால்டர் வைத்தோம். ஓடியது. தப்பித்தோம் என்று நினைத்தோம்.

மறுநாள் இரண்டு காரைச் சேர்த்து விட்டோம். எங்கள் டிராக் முந்திரிக்கொட்டை வடிவம், ஒரு பக்கம் உள்ளே குழிந்து வரும். அந்தக் குழிவுக்கு வந்ததும் இரண்டும் மோதி வெளியே விழுந்தன. மறுபடியும் அதே இடம். டேப் எடுத்து அளந்தேன். வெளிச்சுற்று நேர்பாதையில் லேன் இடைவெளி சரியாக 100. குழிவில் 61. நிஜக் கார் 1.9 மீட்டர் அகலம் என்றால் 1/32-இல் அது 59 மி.மீ. இரண்டு காருக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர், அதுவும் வால் ஆடும் வளைவில்!

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு லேனை வரைந்துவிட்டு, அதே தூரத்தில் இணையாக அடுத்த கோட்டைப் போட வேண்டும். வரைகிற மென்பொருளில் அதற்கு ஆஃப்செட் என்று தனிக் கட்டளை உண்டு. அந்தப் பையன் அதைச் செய்யாமல், முதல் கோட்டையே நகலெடுத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறான். ஓரத்தில் 100 வரும்படி இழுத்தால் ஓரத்தில் மட்டும்தான் 100 வரும். நடுவை நெருங்க நெருங்க இடைவெளி குறையும். ஜாலி டிசைனில் பூவைப் பெரிதாக்குகிற அதே பழக்கம். வெட்டிய காடியை நகர்த்த முடியாது. 32 இடத்தில் சால்டர் வைத்த மாதிரி இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

போன் பண்ணினேன். "வளைவுல கொஞ்சம் நெருங்கத்தாண்ணே செய்யும். வெளி லேன் நீளம், உள் லேன் கம்மி, அதைச் சமாளிக்கத்தான் அப்படி" என்றார். அப்பட்டமான பொய். 100 மி.மீ. இடைவெளியில் நாலு லேன் இணையாக ஒரு சுற்று வந்தால், பாதை தன்னையே குறுக்கே கடக்காதவரை வடிவம் எதுவானாலும் உள் லேனுக்கும் வெளி லேனுக்கும் ஏறக்குறைய 1.9 மீட்டர் வித்தியாசம் இருந்தே தீரும். அதற்காகத்தான் போட்டியில் ஒவ்வொருவரும் எல்லா லேனிலும் மாறி மாறி ஓட்டுவது. இதைச் சொன்னதும், "மீதிப் பணத்தைப் போடுங்கண்ணே, வந்து பார்க்கிறேன்" என்றார். போடவில்லை. அதற்குப் பிறகு என் நம்பர் பிளாக்.

தீபாவளி அன்று பிள்ளைகள் ஒவ்வொரு காராக விட்டு, நேரம் குறித்து விளையாடினார்கள். சீயம் தின்ற கையோடு கன்ட்ரோலரைப் பிடித்ததில் எல்லாம் எண்ணெய்.

கார்த்திகை மழையில் மிச்சமும் தெரிந்தது. காடி ஓரங்கள் உப்பி, செம்பு நாடா மேலே தூக்கிக்கொண்டது. மேலே பெயின்ட் அடித்தவர்கள் பலகையின் அடிப்பக்கத்தையும் காடியின் உட்புறத்தையும் வெறுமனே விட்டிருந்தார்கள். சந்தேகப்பட்டு, மீந்து கிடந்த வெட்டுத்துண்டு ஒன்றை ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டேன். காலையில் இட்லி மாதிரி ஊதி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. சாதா எம்.டி.எஃப்., மரநாரை அழுத்திச் செய்யும், ஈரம் தாங்காத பலகை. ஈரம் தாங்கும் ரகத்துக்கு வாங்கிய காசில் இது.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்தேன். பில் இல்லாததால் வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, அளவு நாடாவோடு எடுத்த படங்கள், ஊதிய பலகைத்துண்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தக் கட்டைவிரல்தான் இப்போது என் பெரிய சாட்சி.

இன்னொரு தடவை செய்தால், முழு வேலைக்கு முன் நாலடி வளைவுத் துண்டு ஒன்றை இரண்டு லேனோடு காசு கொடுத்து வெட்டச் சொல்வேன். 3.2 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைக் காடியில் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுப்பேன். எங்கேயும் சிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. பெயின்ட் அடிக்கும் முன் பட்டறைக்கே போய்ப் பலகையைப் பார்ப்பேன். காரைக்குடி பள்ளத்தூரிலிருந்து கூப்பிடு தூரம், நான் ஒரு நாள்கூடப் போகவில்லை.

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தானும் டிராக் செய்யப் போவதாகவும், நல்ல ஆள் கிடைத்திருப்பதாகவும், செய்து கொடுத்த டிராக் படம்கூட அனுப்பியிருக்கிறார் என்றும் சொன்னார்.

"எட்டு லேனா?"

"ஆமா, எப்படித் தெரியும்?"

"வலது மூலையில சுவத்துல பிளக் பாயிண்ட் எப்படி இருக்குன்னு பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.