விலாக் குருத்தெலும்பில் மூக்குச் சீரமைப்பு: பொருள் அருமை, செதுக்கும் கைதான் முக்கியம்

முதன்முறை மூக்கைச் சீரமைப்பவர்களில் பலருக்கு விலாவைத் தொடவே வேண்டியதில்லை. இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரிலேயே நேரான குருத்தெலும்பு கிடைக்கும். போதாவிட்டால் காது மடல் இருக்கிறது. ஆனால் அது மென்மையானது, வளைந்தது, பாரம் தாங்காது. முந்தைய அறுவையில் தடுப்புச் சுவர் காலியானவர்களுக்கும், அடிபட்டு மூக்குத்தண்டு சேணம்போல அமிழ்ந்தவர்களுக்கும்தான் விலா. அங்கே அதற்கு இணை கிடையாது. தாராளமாகக் கிடைக்கும், உறுதியாக நிற்கும், மூக்கில் வைக்கும் செயற்கைச் சிலிகோன் துண்டைப்போலத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் பயமும் மிகக் குறைவு.

பெரும்பாலும் வலப்பக்கத்து 6 அல்லது 7ஆம் விலாவிலிருந்து எடுப்பார்கள். 2 முதல் 4 செ.மீ. கீறல் போதும், பெண்களுக்கு மார்பின் கீழ்மடிப்பில் போட்டால் தழும்பு தெரியாது. குருத்தெலும்பின் பின்பக்க உறையை விட்டுவைத்து எடுப்பது நல்லது, அதற்கு அடியில்தான் நுரையீரல் உறை. எடுத்த குழியில் சலைன் ஊற்றி, மயக்க மருத்துவர் நுரையீரலுக்குள் காற்றழுத்தம் கொடுக்கும்போது குமிழி வந்தால் நுரையீரல் உறை கிழிந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் தையல் போடக் கூடாது.

விலாக் குருத்தெலும்பின் பெரிய வம்பு வளைதல். அதன் வெளிப்பரப்பு எல்லாப் பக்கமும் எப்போதும் இழுபட்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சீவினால் சமநிலை போய், சீவாத பக்கமாகத் துண்டு சுருண்டுகொள்ளும். மேசையில் நேராக இருந்த மூக்கு சில மாதங்களில் கோணுவது இதனால்தான். இருபுறமும் சமமாகச் சீவி நடுப்பகுதியைப் பயன்படுத்த வேண்டும் என்று இந்த வளைதலை ஆராய்ந்த கிப்சனும் டேவிஸும் 1958இலேயே எழுதிவிட்டார்கள். செதுக்கிய துண்டை அரை மணி நேரமாவது சலைனில் போட்டு, வளைகிறதா என்று பார்த்துப் பொருத்துபவரே கவனமான சர்ஜன். அப்படியும் பிறகு கொஞ்சம் வளையலாம்.

வயது ஏற ஏற விலாக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படியும். கத்தி இறங்காது, இறங்கினாலும் துண்டு உடையும். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுப்பது வீண்செலவல்ல. தோல் மெல்லியவர்களுக்கு ஓரங்கள் மேலே தெரியும். அவர்களுக்குப் பொடிப்பொடியாக நறுக்கி, நெற்றிப்பொட்டுத் தசையின் உறையில் பொதிந்து வைக்கும் முறை பொருந்தும்.

முதல் வாரம் மூக்கைவிட நெஞ்சுதான் வலிக்கும், இருமினால் இன்னும் அதிகம். மூக்கின்மேல் போட்ட அச்சுக்கட்டை ஒரு வாரத்தில் எடுத்தாலும் வீக்கம் முழுக்க வடிய ஓராண்டு ஆகும். மூக்கு நுனி விறைப்போ ஓரளவுக்கு நிலைத்தே போகலாம்: அழுத்தினால் பழையபடி அமுங்காது, சிரித்தாலும் முன்போல அசையாது. விளம்பரப் படங்களில் இது தெரியாது.