440 தோட்டா டின்: ராணுவ உபரியும் கடைச் சரக்கும்

மொசின் நாகாந்த் என்னும் பழைய ரஷ்ய ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த டின் பழக்கமானது. அந்த ரைஃபிளுக்கான 7.62×54ஆர் அளவில், சோவியத் காலத்து ராணுவ உபரித் தோட்டாக்கள், காகிதக் கட்டுக்கு 20 வீதம் மொத்தம் 440. ஒட்டி மூடிய தகரம் என்பதால் தனி ஓப்பனர் தேவை. ஒற்றை டின் வாங்குபவர்கள் அது கூட வருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உளியும் சுத்தியலும் இந்த வேலைக்கு ஆகாது.

சரக்கின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் சிறு மூடியான பிரைமரைச் சுற்றியும், குண்டு செருகிய உறையின் கழுத்திலும் ஈரம் புகாதபடி பூச்சு இருக்கும். டின் துருப்பிடித்து ஓட்டை விழாமல் இருந்தால், பல பத்தாண்டு கிடந்த தோட்டாவும் பெரும்பாலும் சரியாகவே வெடிக்கும். வெடிக்காவிட்டால் குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி குறைந்தது 30 விநாடி பொறுத்துத்தான், குழலின் பின் அடைப்பான போல்ட்டைத் திறக்க வேண்டும்.

தலைவலி பிரைமரில் இருக்கிறது. அதிலுள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு உப்பாகக் குழலில் படிகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். எண்ணெயில் அது கரையாது. துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் உப்புக்கு மேல் எண்ணெய் பூசியதாகத்தான் ஆகும். சுட்ட அன்றே தோட்டா உட்காரும் சேம்பர் பக்கமிருந்து குழலுக்குள் வெந்நீர் ஊற்றி, போல்ட்டின் முகத்தையும் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். வழக்கமான சால்வென்ட்டும் எண்ணெயும் அதன் பிறகுதான். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் உப்பை முறித்துவிடும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். உப்பைக் கரைப்பது அதிலுள்ள தண்ணீர்தான்.

மொசின் போன்ற, கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கு இது சிறிது நேர வேலை. வெடிவாயுவால் இயங்கித் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் ருமேனிய பி.எஸ்.எல். போன்ற துப்பாக்கியில் பிஸ்டன், கேஸ் டியூப் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். அங்கே மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த காசை உழைப்பாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

குண்டு, அதாவது தோட்டாவிலிருந்து பறக்கும் பகுதி, 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) எடை. செம்பு பூசிய எஃகு மேலுறைக்குள் மென் எஃகு மையம். இரும்புத் தகடு இலக்குகளைக் குழியாக்கும், காய்ந்த புல்லில் தீப்பொறி தெறிக்கும். அதனால்தான் பல சுடுதளங்களில் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் ஈய மையமுள்ள கடைக் குண்டும், மேலுறை எஃகாக இருந்தால், காந்தத்தில் ஒட்டும். சந்தேகம் தீர ஒரு குண்டை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். வேட்டைக்கு உபரி வேண்டவே வேண்டாம். பட்டதும் விரியும் 180 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் கடையில் கிடைக்கிறது. எடை மாறினால் குறியும் மாறும், மறுபடி ஜீரோ செய்யுங்கள், அதாவது குறிகாட்டியைச் சரிசெய்யுங்கள்.

சுட்ட உறையில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றும் ரீலோடிங் செய்பவர்களுக்கு இந்த எஃகு உறை வீண். பிரைமர் பெர்டன் வகை, பொறி செல்ல இரண்டு சிறு துளைகள், நடுவில் துளையில்லாததால் பழைய பிரைமரைத் தள்ளும் சாதாரண டை ஊசி உடையும். பித்தளை, நடுவில் ஒரே துளையுள்ள பாக்ஸர் பிரைமர் கொண்ட 7.62 நேட்டோ உபரி உறை (வேறு அளவு, மொசினுக்கானது அல்ல) பயன்படும். ஆனால் பிரைமரைச் சுற்றி நெருக்கிய விளிம்பான கிரிம்ப்பை நீக்கிய பிறகே புதியது இறங்கும். உறைச் சுவரும் தடிமன், கொள்ளளவு குறைவு. கடை உறைக்கான மருந்தளவை அப்படியே கொட்டினால் அழுத்தம் ஏறும், குறைத்துத் தொடங்குங்கள்.

ராணுவத் தோட்டா என்றாலே காரம் அதிகம் என்று நினைப்பது அரைகுறை உண்மை. கடைத் தோட்டாவான .223 ரெமிங்டனுக்கான சேம்பரில், அதே அளவில் தெரியும் ராணுவ 5.56 நேட்டோவைச் சுடக் கூடாது என்பது சரி. அந்தச் சேம்பரின் தொண்டை (குழலின் வரிகள் தொடங்கும் முன்னுள்ள இடம்) குட்டை, அழுத்தம் எகிறும். பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1 கராண்டில் கதை தலைகீழ். மெதுவாக எரியும் மருந்தும் கனமான குண்டும் கொண்ட கடை .30-06 தோட்டா அதன் இயக்கத் தண்டான ஆபரேட்டிங் ராடை வளைத்துவிடலாம். குழலில் பொறித்திருப்பதையும் துப்பாக்கியின் கையேட்டையும் பார்த்த பிறகே பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

மொசினில் தாள் இலக்குப் பயிற்சிக்கு இந்த டின் நல்ல கொள்முதல், தண்ணீர் வேலைக்குச் சோம்பாதவருக்கு மட்டும். வாங்கும்போது எல்லா டின்னிலும் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் இருக்கிறதா என்று பாருங்கள். லாட் கலந்தால் குறி சிதறும்.